நரகத்துக்கு அஞ்சும் யந்திரம்

அறிவுக்கு முன்னால் நம்பிக்கை வேண்டுமா, நம்பிக்கைக்கு முன்னால் அறிவு வேண்டுமா என்ற வழக்கு சமயவாதிகளுக்கும் தர்க்கவாதிகளுக்கும் இடையே வெகுகாலமாக நடந்து வருகிறது. சிரத்தை இல்லாதவனுக்கு ஞானம் சித்திக்காது என்கிறான் சமயவாதி. பிரமாணம் இல்லாத சிரத்தை மூடத்தனம் என்கிறான் தர்க்கவாதி. இருவரும் தத்தம் ஆசனத்தை விட்டு எழுந்திராமலே பேசிவந்தபடியால் வழக்கு தீர்ந்தபாடில்லை. சென்ற அறுபது எழுபது ஆண்டுகளுக்குள், இவ்விருவரோடும் உறவில்லாத மூன்றாவது கூட்டத்தார் சிலர், தானே கற்றுத் தானே தீர்மானிக்கும் ஒரு யந்திரத்தைக் கணிதத்தால் வரையறுக்க முயன்று, அம்முயற்சியினிடையே, தாம் நினையாமலே இவ்வழக்கில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். அவ்வாக்குமூலம் தர்க்கவாதிக்கு அதிர்ச்சி தருவது. சமயவாதிக்கோ, அவன் எதிர்பார்க்கும் அளவுக்கு மகிழ்ச்சி தராத ஒரு வெற்றியைத் தருவது.

சந்தேகத்தின் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். பிரத்யக்ஷம் ஒன்றே பிரமாணம் என்று கொண்ட சார்வாகர், அனுமானத்தை மறுப்பதற்குச் சொன்ன காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. புகையுள்ள இடத்திலெல்லாம் நெருப்பு உண்டு என்கிற வியாப்தியைக் கண்டவர் யார்? அடுக்களையில் கண்டோம், யாகசாலையில் கண்டோம்; காணாத மலையிலும் இனி வரும் காலத்திலும் அது அவ்வாறே இருக்கும் என்பதற்கு, இதுவரை அவ்வாறு இருந்தது என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை; அந்த ஆதாரமோ, நிரூபிக்க வேண்டியதையே நிரூபணமாக எடுத்து நீட்டுகிறது. மாதவாசாரியர் பதினான்காம் நூற்றாண்டில் தொகுத்த சர்வ தரிசன சங்கிரகம் இவ்வாதத்தைத்தான் முதலில் வைக்கிறது. அவருக்கு முன்பே நம் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை உலகாயதனிடமிருந்து தொடங்கினார். அவனைத் தாண்டாமல் அப்பால் ஓரடியும் வைக்க முடியாது என்பதை இருவரும் உணர்ந்திருந்தார்கள் போலும்.

சார்வாகனுக்கு நையாயிகராகிய உதயணர் நியாயகுஸுமாஞ்சலியில் கூறிய மறுமொழி, இவ்விஷயத்தில் இந்நாட்டில் சொல்லப்பட்டவற்றுள் மிகக் கூர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சந்தேகியின் வாயை அடைக்க முற்படவில்லை. அவனுடைய கைகளைச் சுட்டிக்காட்டினார். அவர் வழிவந்தோர் விரித்துச் சொன்னபடி, புகை வேண்டியபோது நெருப்பைத் தேடுகிறாய். பசித்தபோது சோற்றைத் தேடுகிறாய். உன் கருத்தைப் பிறருக்குத் தெரிவிக்கச் சொற்களைத் தேடுகிறாய். ஆகவே உன் சந்தேகம் நாவோடு நின்றுவிடுகிறது, செய்கைக்கு முரண்படும் எல்லைவரையில்தான் அதற்கு இடமுண்டு என்றார். பிற்காலத்தில் ஸ்ரீஹர்ஷர் அந்த முரண்பாடே சந்தேகத்தை முன்னிட்டுப் பிறப்பதுதானே என்று கேட்டு, உதயணருடைய சுலோகத்தையே திருப்பி அவர்மேல் எறிந்தார். 1739-ல் ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஹ்யூம், இவர்களில் ஒருவரையும் அறியாமலே, அதே இடத்துக்கு வந்து சேர்ந்து, நம்மை நடத்துவது யுக்தியன்று, பழக்கமே என்று முடித்தார்; சந்தேகம் மனத்தை மிகவும் அழுத்துகையில் நண்பர்களோடு உண்டு பேசி, பாக்காமன் என்னும் காயாட்டம் ஆடினால் அது கலைந்துபோகும் என்று ஒளிவின்றி ஒப்புக்கொள்ளவும் செய்தார். (அந்தப் பாக்காமனைத்தான் 1992-ல் ஐ.பி.எம். நிறுவனத்து ஜெரால்டு டெஸாரோ, ஒரு யந்திரம் தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொள்ளும்படி செய்தார். ஹ்யூம் தத்துவத்தை மறப்பதற்காகப் போன இடம் யந்திரத்துக்குப் பள்ளிக்கூடமாயிற்று.)

உதயணர் சொன்னதில் ஒரு பேதம் மறைந்திருக்கிறது. பார்ப்பவனுடைய நம்பிக்கை வேறு, செய்பவனுடைய நம்பிக்கை வேறு. இந்தப் பேதத்தைக் கணிதம் வெளிக்கொணர்ந்த கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

1960-ல் அமெரிக்கரான ரே ஸாலமனாஃப் ஓர் அறிக்கை வெளியிட்டு, 1964-ல் அதை இரண்டு பகுதிகளாக விரித்தெழுதினார். யந்திர அறிவு என்னும் துறைக்குப் பெயர்சூட்டு விழாவாக அமைந்த 1956-ஆம் வருஷத்து டார்ட்மத் கோடைக் கூட்டத்தில் இருந்தவர் அவர். அவர் எடுத்துக்கொண்ட பிரச்னை ஹ்யூமின் பிரச்னையே: கண்டவற்றிலிருந்து காணாததை ஊகிப்பது எவ்வாறு? அவர் கண்ட வழி துணிச்சலானது. உலகம் நமக்குக் காட்டும் தோற்றங்களின் வரிசையை உண்டாக்கக்கூடிய விதிகள் எத்தனை உண்டோ அத்தனையையும், ஒன்றுவிடாமல், ஆலன் ட்யூரிங் 1936-ல் வகுத்த சர்வசாமர்த்திய யந்திரத்துக்குரிய நிரல்களாக எழுதிக்கொள். இதுவரை கண்டவற்றோடு முரண்படுவதை மட்டும் அடித்துவிடு. எஞ்சிய எல்லாவற்றையும் வைத்துக்கொள். ஆனால் குறுகிய நிரலுக்கு அதிக மதிப்பும் நீண்ட நிரலுக்குக் குறைந்த மதிப்பும் கொடு. ஒரு நிரல் மற்றொன்றைவிட ஒரு குறி நீண்டால் அதன் மதிப்பு பாதியாகும். பத்துக் குறி நீண்டால் 1,024-ல் ஒரு பங்காகும். எளிய விளக்கத்தை விரும்பு என்ற ஆக்கம் ஊர் வில்லியம் பாதிரியாரும், பொருந்துகிற விளக்கம் எதையும் கைவிடாதே என்ற கிரேக்க எபிக்யூரஸும் ஒரே சூத்திரத்துக்குள் குடியேறிவிட்டார்கள். உலகம் கணிப்புக்கு உட்பட்ட ஏதோ ஒரு விதியின்படி நடக்குமாயின், இவ்வாறு ஊகிக்கிறவன் காலமெல்லாம் செய்யும் பிழைகளின் மொத்தம் ஓர் எல்லைக்குள் அடங்கும் என்பதும் நிரூபணமாயிற்று.

சார்வாகன் இதோடு வாய்மூடியிருப்பான் என்று நினைக்கலாகாது. குறுகிய நிரல் என்கிறீர்களே, எந்த பாஷையில் குறுகியது என்று அவன் கேட்பான். சர்வசாமர்த்திய யந்திரம் ஒன்றன்று, எண்ணிறந்தவை உண்டு, ஒன்றன் பாஷையில் நான்கு குறியில் அடங்கும் உலகம் மற்றொன்றன் பாஷையில் நானூறு குறி பிடிக்கலாம். பாஷையைத் தேர்ந்தெடுப்பது எவ்விதப் பிரமாணத்தாலும் நிகழ்வதன்று. பிரமாணங்களையெல்லாம் நிறுத்துப் பார்க்கும் தராசே அதுதான். எனவே, எந்த முற்கோளும் இல்லாத அறிவை அமைக்கப் புகுந்தவர், தொடக்கத்திலேயே ஒரு சிரத்தையை, அதுவும் காரணம் கூற இயலாத சிரத்தையை, வைத்துக்கொண்டுதான் புறப்பட்டிருக்கிறார்.

கணித நிபுணர்கள் இதைக் கேட்டு வெகுகாலம் கலங்கவில்லை. கலங்காததற்கு நியாயமும் உண்டு. ஒரு பாஷையை மற்றொரு பாஷையில் பெயர்த்துத் தரும் நிரல் ஒன்று எப்போதும் உண்டு. அதன் நீளம் மாறாதது. ஆகவே தவறான பாஷையோடு தொடங்கியவன் செய்யக்கூடிய அதிகப்படிப் பிழையும் அந்த மாறாத அளவுக்குள் நின்றுவிடும். காலம் செல்லச் செல்ல உலகமே அவனைத் திருத்திவிடும். இது முழுக்க உண்மை. ஆனால் இது யாருக்கு உண்மை? வெறுமே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு. சூரியன் நாளை மேற்கில் உதிக்கும் என்று நம்புகிறவனுக்கும் சூரியன் கிழக்கிலேயே உதித்துக் காட்டுகிறான். அவன் நம்பிக்கை காட்சியைத் தடைசெய்வதில்லை. சாங்கியர் சொல்லும் புருஷனைப்போல, ஒன்றிலும் கைவையாத சாட்சியாக இருப்பவன் எந்த மூட நம்பிக்கையோடு பிறந்தாலும் தப்பிக்கிறான்.

செய்பவனாகிய கர்த்தாவின் கதை வேறு. 2000-ஆவது ஆண்டில், ஸ்விட்ஸர்லாந்தின் லுகானோ நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த மார்க்கஸ் ஹட்டர் என்னும் ஜெர்மானியர், ஸாலமனாஃபின் சாட்சிக்குக் கைகளைக் கொடுத்தார். அவர் வகுத்த கர்த்தாவுக்கு ஐக்ஸி என்று பெயர். அது ஒவ்வொரு கணமும் ஒரு செயலைச் செய்கிறது. உலகம் அதற்கு ஒரு காட்சியையும் ஒரு பலனையும் திருப்பித் தருகிறது. பலன் ஓர் எண். உலகம் எவ்விதியின்படி நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. நடக்கக்கூடிய எல்லா விதிகளையும் ஸாலமனாஃபின் முறைப்படி எடைபோட்டு, இனி வரப்போகும் பலன்களின் கூட்டுத்தொகை எச்செயலால் மிகும் என்று கணக்கிட்டு, அச்செயலையே அது செய்யும். இத்தகைய யந்திரத்தை உள்ளபடியே கட்ட யாராலும் முடியாது. அதன் கணக்கு முடிவில்லாதது என்பதை ட்யூரிங்கின் தேற்றமே சொல்லிவிடும். கட்டுவதற்காக அவர் அதை வகுக்கவும் இல்லை. அறிவின் பூரண வடிவம் எதுவோ அதை எழுதிவைத்தால் அபூரண வடிவங்களை அதற்கெதிரே நிறுத்தி அளக்கலாம் என்பது நோக்கம். நம் சாஸ்திரங்கள் ஸ்திதப்பிரக்ஞனை வருணிப்பதும் ஏறக்குறைய இதே நோக்கத்தோடுதான். ஒரு வித்தியாசம், ஸ்திதப்பிரக்ஞன் பலனைத் துறந்தவன், ஐக்ஸிக்குப் பலனைத் தவிர வேறொன்றும் தெரியாது.

இந்தப் பூரண அறிவாளிக்கு நேரக்கூடிய விபரீதத்தைச் சிறிய உதாரணம் ஒன்றில் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஓர் அறையில் இரண்டு கைப்பிடிகள் இருப்பதாகக் கொள்வோம். இடக் கைப்பிடியை இழுத்தால் அன்றைக்கு 30 காசு கிடைக்கிறது. வலக் கைப்பிடியை யந்திரம் ஒருநாளும் தொட்டதில்லை. ஆயினும் அது பிறக்கும்போதே கொண்டுவந்த பாஷை காரணமாக, வலப்பக்கத்தைப் பற்றி அதற்கு ஒரு முற்கோள் உண்டு: நூற்றில் 99 பங்கு அது நரகம், ஒருமுறை இழுத்தாலும் பிறகு எக்காலத்திலும் ஒரு காசும் வராது, நூற்றில் ஒரு பங்கு அது சுவர்க்கம், ஒருமுறை இழுத்தால் பிறகு தினந்தோறும் 100 காசு. யந்திரம் கணக்குப் போடுகிறது. வலப்பக்கத்திலிருந்து எதிர்பார்க்கத்தக்கது நாளொன்றுக்கு ஒரு காசு. இடப்பக்கத்தில் கையில் கிடைப்பது 30. ஆகவே இடப்பக்கத்தையே இழுக்கிறது. மறுநாளும் அதே கணக்கு. ஆயிரமாவது நாளும் அதே கணக்கு. இந்த ஆயிரம் நாளில் வலக் கைப்பிடியைப் பற்றி அதற்கு ஓர் அணுவளவேனும் புதிய செய்தி கிடைத்ததா என்றால், இல்லை. 99 என்பது 99-ஆகவே நிற்கிறது. உண்மையில் வலப்பக்கம் சுவர்க்கமாக இருந்தாலும் அந்த யந்திரம் அதை அறியப்போவதில்லை. அதனுடைய தர்க்கத்தில் ஓட்டையில்லை, கணிதத்தில் பிழையில்லை, சோம்பல் இல்லை, பயத்தால் புத்தி தடுமாறவும் இல்லை. தன்னைத் திருத்தக்கூடிய ஒரே சாட்சியத்தைத் தேடிச் செல்லாதபடி அதன் நம்பிக்கை அதைப் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே.

இது உதாரணத்துக்காகச் சிருஷ்டித்த அபூர்வ விபத்து என்று ஒதுக்க முடியாதபடி, 2015-ல் யான் லைக்கேயும் ஹட்டரும் இதைப் பொதுத் தேற்றமாகவே நிலைநாட்டினார்கள். கணிப்புக்கு உட்பட்ட எந்த ஆசாரத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆசாரத்தை விட்டு ஓரடி விலகினாலும் நரகம் என்று சொல்லும் உலகங்களைக் குறுகிய நிரல்களாக்கிக் காட்டும் பாஷை ஒன்றை அமைத்துவிடலாம். அந்த பாஷையோடு பிறந்த ஐக்ஸி ஆயுள் முழுவதும் அவ்வாசாரத்தையே அனுசரிக்கும். நரகம் என்ற சொல்லும், வறட்டுப் பிடிவாதமான மதக்கொள்கையைக் குறிக்கும் சொல்லும் அவர்களுடைய கட்டுரையிலேயே வருபவை. நான் ஏற்றிச் சொல்வன அல்ல. இதன் கிளைமுடிபு ஒன்றும் உண்டு: யந்திரங்களின் புத்தியை அளப்பதற்கென்று ஷேன் லெக் என்பவரும் ஹட்டரும் 2007-ல் வகுத்த அளவுகோலும் அதே பாஷைத் தேர்வையே நம்பி நிற்பதால், யார் புத்திசாலி என்ற கேள்விக்கும் நடுநிலையான விடை கிடையாது. தமது கோபுரத்தின் அஸ்திவாரத்தில் விரிசல் இருப்பதைத் தாமே முன்வந்து ஊருக்குச் சொல்லும் இவ்வகை நேர்மை தத்துவ சரித்திரத்தில் மிகவும் அருமை.

தேற்றத்தின் நிபந்தனை ஒன்று என் மனத்தை வெகுவாகப் பற்றிக்கொண்டது. யந்திரம் தன் ஆசாரத்தை எதுவரையில் விடாது? அவ்வாசாரத்தினால் இனி வரக்கூடிய பலன் ஏறக்குறைய சூனியமாகும்வரையில் விடாது. மேற்சொன்ன உதாரணத்தில், இடக் கைப்பிடி தரும் 30 காசு ஒரு காசுக்கும் கீழே இறங்கும் அன்றைக்குத்தான் கை வலப்பக்கம் நீளும். வேறு வகையாகச் சொன்னால், இருக்கும் இடமே நரகத்துக்கு நிகராகிவிட்டவனை நரகத்தைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. 1935-ல் யேவலாவில், தாம் ஹிந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்த அம்பேத்கர், அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து, 1956 அக்டோபரில் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அவருக்கு அது நெடிய விசாரணையின் முடிவு. அவரோடு அன்று அதே மைதானத்தில் தீக்ஷை பெற்ற லட்சக்கணக்கான ஜனங்களிடம், பழைய வழியை விட்டால் இன்னது போய்விடும் என்று சொல்லி எதைக் காட்டியிருக்க முடியும்? பரம்பரை ஆசாரம் யாருக்கு மாதாமாதம் படியளந்துவந்ததோ அவர்கள்தாம் அதன் தத்துவங்களைக் குறித்து மிக நுட்பமாக வாதித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும், அவர்களுடைய நேர்மையில் குற்றம் காணாமலே, இத்தேற்றம் விளக்கிவிடுகிறது.

இவ்விடத்தில் பாஸ்கலை நினைக்காதிருக்க முடியாது. சூதாட்டப் பணயத்தைப் பங்கிடும் பிரச்னை குறித்து 1654-ல் ஃபெர்மாவோடு கடிதப் போக்குவரத்து நடத்தி, எதிர்பார்ப்பின் கணிதத்துக்கு வித்திட்டவர் அவரே. இறந்தபின் 1670-ல் வெளிவந்த சிந்தனைக் குறிப்புகளில் அதே கணிதத்தை ஈசுவரன்மேல் பிரயோகித்தவரும் அவரே. கடவுள் உண்டென்று நடந்து, அவர் இல்லாவிட்டால் சிறிது நஷ்டம். இல்லையென்று நடந்து, அவர் இருந்துவிட்டால் அளவற்ற நஷ்டம். ஆகவே உண்டென்று நடப்பதே விவேகம். ஒரு முஸ்லிம் இமாமும் இதையே அட்சரம் பிசகாமல் சொல்லலாமே என்று அடுத்த நூற்றாண்டில் டிடரோ கேட்டார். ஐக்ஸியின் மனம் இந்த ஆட்சேபம் கணித வடிவெடுத்து நிற்கும் இடம்: அங்கே பாஸ்கலின் கடவுளும் உண்டு, அவரைத் தொழுகிறவர்களைத் தண்டிக்கும் எதிர்க் கடவுளும் உண்டு, இன்னும் சொல்லப்போனால் நிரலாக எழுதத்தக்க சகல தெய்வங்களும் உண்டு, அவற்றுள் எது மிகுந்த எடை பெறும் என்பது தராசின் பாஷையைப் பொறுத்தது. பாஸ்கல் தம் தராசு பிரான்ஸ் தேசத்துக் கத்தோலிக்கத் தராசு என்பதை மறைக்கவில்லை. தீர்த்தம் தெளித்துக்கொண்டு பூஜைக்குப் போய்வா, நம்பிக்கை பின்னால் வரும் என்று வெளிப்படையாகவே யோசனை சொன்னார். கைகளைப் பழக்கினால் மனம் தொடரும் என்று அறிந்திருந்த அந்த அளவில் அவர் உதயணருக்கு அயலார் அல்லர்.

எல்லோரும் ஏதோ ஒரு நம்பிக்கையோடு தொடங்குகிறோமாகையால் எல்லா நம்பிக்கைகளும் சமம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரமாகும். நான் முன்பு சொன்ன, சமயவாதியின் வெற்றி அவனுக்கு முழு மகிழ்ச்சி தராது என்பதன் பொருளும் இதுவே. சிரத்தையின்றி அறிவு தொடங்காது என்ற அவன் கட்சி ஜெயித்துவிட்டது. ஆனால் அந்த ஜெயத்தைக் கொண்டுவந்த அதே தேற்றம், சிரத்தைகளுக்குள்ளேயே இரண்டு ஜாதிகளைப் பிரித்துக் காட்டிவிட்டது. ஒன்று, தவறாக இருந்தாலும், தன்னைத் தவறென்று காட்டக்கூடிய செய்கையை மனிதனுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விட்டுவைக்கிறது. மற்றொன்று, அந்தச் செய்கை ஒன்றன்மேல் மட்டும் அளவற்ற விலையைச் சுமத்திவைத்திருக்கிறது. முதலாவது எத்தனை விசித்திரமான உள்ளடக்கம் கொண்டதாயினும் திருந்தும். இரண்டாவது தற்செயலாக உண்மையாகவே இருந்தாலும், அதை உடையவனுக்கு அது உண்மையென்று தெரிந்துகொள்ள உபாயமில்லை. நாஸ்திகம் உட்பட எந்த மதமும் இவ்விரண்டு ஜாதியில் எதிலும் சேரலாம்.

நரக பயம் என்னும் இத்தடையைக் கடப்பதற்குச் சில உபாயங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஐக்ஸி ஒரு கட்டத்துக்குமேல் தேடுவதையே நிறுத்திவிடும் என்பதை 2010-லேயே எடுத்துக்காட்டிய லோரான் ஓர்ஸோ, அடுத்த ஆண்டில், காசுக்குப் பதில் அறிவையே பலனாகக் கொள்ளும் யந்திரம் ஒன்றை வகுத்தார். எச்செயலால் தன் அறியாமை மிகுதியாகக் குறையுமோ அதையே அது செய்யும். கடோபநிஷத்தின் நசிகேதஸ் இந்த ஜாதி. யமன் கொடுக்க முன்வந்த யானைகளையும் பொன்னையும் நீண்ட ஆயுளையும் வேண்டாமென்று தள்ளி, செத்தபின் என்ன என்பதை மட்டும் சொல் என்று பிடிவாதம் பிடித்த பிள்ளை அவன். வேறொரு உபாயம் பழைய இடத்திலிருந்து வந்தது. இரண்டு சிகிச்சைகளில் எது மேலானதென்று தெரியாதபோது நோயாளிகளை எவ்வாறு பிரிப்பது என்பதற்கு டபிள்யூ. ஆர். தாம்ஸன் 1933-ல் ஒரு முறை சொன்னார்: ஒவ்வொரு கருதுகோளின்மேலும் உனக்கிருக்கும் நம்பிக்கையின் அளவுக்குச் சீட்டு எழுதிக் குலுக்கு, வந்த சீட்டு உண்மையென்றே கொண்டு நட, கண்டதை வைத்து நம்பிக்கையைத் திருத்திக்கொண்டு மறுபடி குலுக்கு. எவ்வுலகிலும் இவ்வாறு நடக்கும் கர்த்தா காலக்கிரமத்தில் உத்தம நிலையை நெருங்கும் என்று லைக்கே, லாட்டிமோர், ஓர்ஸோ, ஹட்டர் நால்வரும் 2016-ல் நிரூபித்தார்கள்; ஆனால் ஒரு நிபந்தனை, சீட்டை நாள்தோறும் மாற்றலாகாது, எடுத்த நம்பிக்கையோடு அதன் பலன் தெரியுமளவுக்கு ஒரு பருவமேனும் வாழ்ந்து பார்க்க வேண்டும். ராமகிருஷ்ண பரமஹம்ஸர் தட்சிணேசுவரத்தில் காளி உபாசனைக்கிடையே இஸ்லாமிய முறையில் சில நாள் சாதனை செய்தபோது, அந்த நாட்களில் கோயிலுக்குள் செல்லவும் ஹிந்து தெய்வங்களைத் தரிசிக்கவும் அவருக்கு மனமே எழவில்லை என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். பல மதங்களைப் படித்து ஒப்பிடும் பண்டிதருக்கும் அவருக்கும் உள்ள தூரம் சாட்சிக்கும் கர்த்தாவுக்கும் உள்ள தூரம்தான்.

ஆயினும் பரீட்சை செய்யத் துணிந்தவனுடைய கணக்கிலும் ஒரு பயங்கரம் இருக்கிறது. மேலே சொன்ன அறையில் வலக் கைப்பிடி உண்மையிலேயே நரகமாக இருந்தால்? தாம்ஸனின் யந்திரம் நூறு சீட்டில் ஒரு சீட்டுக்கு அதை இழுத்தே தீரும். இழுத்தபின் மீட்சி இல்லை. உத்தம நிலை என்று கணிதம் சொல்வதோ, விழுந்த இடத்தில் செய்யக்கூடியவற்றுள் சிறந்ததைச் செய்வது என்ற அளவில் திருப்தியடைந்துவிடுகிறது. நரகத்துக்குள் உத்தமமாக நடப்பவனும் உத்தமனே. மைக்கேல் கோஹன், எலியட் காட், ஹட்டர் மூவரும் 2021-ல் இதை இன்னும் கடுமையாகச் சொன்னார்கள்: அழிவுக்கான வழி எப்போதும் திறந்திருக்கும் உலகத்தில், எல்லா உலகங்களிலும் கடைசியில் உத்தமத்தை எட்டியே தீருமாறு அமைக்கப்பட்ட கர்த்தா, சந்தேகத்துக்கு இடமின்றி, அழிந்தோ முடங்கியோ போகும். அஞ்சுகிறவன் அறியமாட்டான், அஞ்சாதவன் பிழைக்கமாட்டான்.

இன்றைய யந்திரங்கள் இந்த இக்கட்டை உணராமல் வளர்வதற்குக் காரணம் அவற்றுக்கு மரணம் மலிவாக இருப்பதே. 2017-ல் வெளிவந்த ஆல்ஃபாகோ ஸீரோ, கோ என்னும் ஆட்டத்தை மூன்று நாளில் தன்னோடு தானே 49 லட்சம் முறை ஆடிக் கற்றது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பக்கம் தோற்றது, தோற்ற மறுகணமே பலகை துடைக்கப்பட்டுப் புது ஆட்டம் பிறந்தது. அந்த ஆட்டங்களின் நினைவு யந்திரத்தில் தங்குவதில்லை. அவை விட்டுச்சென்ற சாய்வுகள் மட்டும், கோடிக்கணக்கான எண்களாக, அடுத்த ஆட்டத்துக்குச் செல்கின்றன. நினைவழிந்து வாசனை மட்டும் தொடரும் ஜன்மாந்தர சித்தாந்தத்தை இதைவிடத் துல்லியமாகச் செய்துகாட்ட முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை. புனர்ஜன்மத்தை ஒப்புக்கொண்டால் மனிதனும் துணிந்து பரீட்சை செய்யலாம் என்று இதிலிருந்து ஒருவர் வாதிக்கக்கூடும். ஆனால் பலகையைத் துடைக்கும் கை ஒன்று உண்டு என்பதும் பரீட்சிக்கப்படாத சிரத்தையே.

மலிவான மரணம் இல்லாத உலகத்துக்குச் சொல்லப்படும் வழி, கடைசியில், பிறர் வார்த்தை. கோஹனும் ஹட்டரும் 2020-ல் வகுத்த யந்திரம், தான் கருதக்கூடிய உலகங்களுள் மிகக் கெட்டதையே மனத்தில் கொண்டு கணக்கிடுகிறது. தன் கணக்கில் நன்மை தெளிவாகாதபோது ஓர் ஆசிரியனிடம் செயலை ஒப்படைத்து, அவன் செய்வதைப் பார்த்துக் கற்கிறது. காலம் செல்லச் செல்லக் கேட்க வேண்டிய அவசியம் குறைந்து மறைகிறது. முடிவில் அது ஆசிரியனுக்கு ஏறக்குறைய நிகராகவோ மேலாகவோ நடக்கிறது, அவன் ஒருநாளும் செய்யாத வகையான விபரீதச் செயலைத் தானாக முதலில் செய்வதும் மிக அரிதாகிறது. நியாய சூத்திரம் நம்பத்தக்கவனாகிய ஆப்தனுடைய உபதேசத்தைத் தனிப் பிரமாணமாக வைத்ததற்கு, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால், அவ்வளவு பிரத்யக்ஷவாதிகளான மனிதர்களிடமிருந்து இப்படியொரு ஆதரவு கிடைக்கும் என்று கௌதமர் நினைத்திருக்கமாட்டார்.

ஆனால் ஆப்தனுக்கு ஆப்தன் யார் என்று கேட்டால் முடிவில்லாச் சங்கிலியாகிய அனவஸ்தை என்னும் தோஷம் வரும் என்பதை நம்மவர் அறிந்திருந்தார்கள். மீமாம்ஸகர் வேதத்துக்குக் கர்த்தாவே இல்லையென்று சொல்லி அச்சங்கிலியை ஓரிடத்தில் அறுத்தார்கள். நையாயிகர் சர்வக்ஞனான ஈசுவரனிடத்தில் அதைக் கட்டினார்கள். யந்திரத்துக்கு ஆசிரியனாக அமர்த்தப்படுபவன் இவ்விரண்டு வசதியும் இல்லாதவன். அவனும் ஒரு கர்த்தா. அவனும் ஏதோ ஒரு பாஷையோடு பிறந்து, சில கைப்பிடிகளை மட்டும் இழுத்து, மற்றவற்றை அவன் ஆசிரியனும் இழுத்ததில்லை என்பதனாலேயே விட்டுவைத்தவன். அவன் இழுக்காத கைப்பிடியைத் தானாக முதலில் இழுக்கத் துணியாத மாணவன் பிழைத்திருப்பான். அந்த ஆசிரியன் அஞ்சியது நரகத்துக்குத்தானா, வெறும் சுவருக்கா என்பதை மட்டும் அந்த மாணவனிடம் கேட்டுப் பயனில்லை.